ஆதாரம் கேட்டவரின் கல்லறை

பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் புக்கிட் மெலாவத்தி. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அங்கே அடக்கமாகியுள்ளனர். அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் கல்லறையை எப்படி உறுதிப்படுத்துவது, மாணவர்களே?

இயேசுவின் 12 சீடர்களில் ஒருவர் புனித தோமையார். இயேசு உயிர்த்தெழுந்ததை மற்ற சீடர்கள் சொல்லியும், அவருடைய காயங்களை நேரில் காணாமல் நம்ப மறுத்தவர். கி.பி. 52இல் கேரளத்தின் கொடுங்கல்லூரில் வந்திறங்கிய அவர், 72இல் சென்னைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு.

13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இக்கல்லறைக்கு வந்து வணங்குவதாக எழுதினார். 1523இல் போர்த்துகீசியர் தோண்டியபோது எலும்புகளும் ஈட்டி முனையும் மண் நிறைந்த பானையும் கிடைத்தன. அங்கே அவர்கள் எழுப்பிய தேவாலயம் 1896இல் புதிதாகக் கட்டப்பட்டு, இன்று சாந்தோம் பேராலயமாக நிற்கிறது.

ஆனால், அவருடைய எலும்புகள் வெகு முன்பே இன்றைய துருக்கியிலுள்ள எடெசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன என்கிறது இன்னொரு மரபு.

ஈட்டி முனை அவர் இறந்த விதத்தோடு பொருந்துகிறது. ஆனால், அங்கே கிடந்தவர் அவர்தான் என்பதற்கு அது மட்டும் போதாது. மரபை மதிப்போம், ஆதாரமும் கேட்போம். தோமையார் செய்ததும் அதுதானே!