வேலூருக்கு வந்த மூளை மருத்துவர்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில் தமிழும் மலையாளமும் மாறிமாறிக் காதில் விழும். அம்மாவிடம் ஒரு மொழியும் கடைக்காரரிடம் வேறொரு மொழியுமாக நீங்களும் ஒரே நாளில் பலமுறை மாறிப் பேசுகிறீர்கள். மூளையின் எப்பகுதி இப்பேச்சை ஆள்கிறது? நோய் தீர்ப்பதற்காக அங்கே கத்தி வைக்க நேர்ந்தால் பேச்சு என்னவாகும்? இவ்வினாக்களை அறுவை அரங்கிலேயே எதிர்கொண்டவர் மருத்துவர் ஜேக்கப் சாண்டி.

அவர் 1910ஆம் ஆண்டு கோட்டயத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பஹ்ரைனில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் அமெரிக்காவுக்கும், அங்கிருந்து கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கும் சென்றார். அந்நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் பேரறிஞர் வலிப்பு நோய்க்கு மூளையில் அறுவை செய்துவந்தார்.

அக்காலத்தில் நம் ஊர்களில் வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தனர். பேய் பிடித்தது என்றும் அஞ்சினர். இன்றும் அவ்வழக்கம் முற்றும் மறையவில்லை. உண்மையில் வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டம் திடீரென ஒழுங்கு தவறுவதால் வருவது. மருந்துக்கு அடங்காத சிலருக்கு, அக்கோளாறு தொடங்கும் இடத்தை அகற்றினால் நோய் நீங்கக்கூடும். ஆனால் அவ்விடத்தின் அருகிலேயே மொழிப்பகுதி இருந்தால்? நோய் நீங்கும்போது பேச்சும் போய்விடலாம்.

இதற்குப் பென்ஃபீல்ட் கையாண்ட முறை வியப்பானது. மூளைக்கு வலி தெரியாது. ஆகவே மண்டையோட்டுப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைத் தொடுவார். எதிரே படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஓரிடத்தைத் தொட்டதும், தெரிந்த பொருளின் பெயரைக்கூடச் சொல்ல இயலாமல் நோயாளி திகைப்பார். அதுவே மொழிப்பகுதி, அங்கே கத்தி செல்லாது. இந்தக் கலையைச் சாண்டி அவரிடம் கற்றார்.

வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் அவருக்கு வசதிகள் பல கிடைத்திருக்கும். அவரோ 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952 ஆகஸ்ட் 25 அன்று, பச்சிளம் பருவத்திலேயே உடலின் வலப்பக்கம் செயலிழந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு வலிப்பு அறுவை செய்தார். இந்தியாவில் நடந்த முதல் வலிப்பு அறுவை இதுவே என மருத்துவ வரலாறு குறிக்கிறது.

வலக்கையையும் வலக்காலையும் இயக்குவது மூளையின் இடப்பாதி. பெரும்பாலோர்க்கு மொழியை ஆள்வதும் அதே பாதிதான். அப்படியானால் இடப்பாதி சிறுவயதிலேயே பழுதுற்றவர் எவ்வாறு பேசுகிறார்? இங்கேதான் குழந்தை மூளையின் பேராற்றல் வெளிப்படுகிறது. மிக இளமையில் இடப்பாதி சேதமுற்றால், மொழிப்பணியை வலப்பாதி பெரும்பாலும் தானே ஏற்றுக்கொள்கிறது. வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு எளிதன்று. இடப்பாதி அறுவைக்குப்பின் தெரிந்த சொல்லும் நாவில் வராமல் சிலர் தடுமாறுவர். மாதங்கள் செல்லச்செல்லப் பயிற்சியாலும், அண்டைப் பகுதிகள் கைகொடுப்பதாலும் ஓரளவு மீள்வர். இளமையில் பல மொழி கற்பது எளிது என்று பென்ஃபீல்ட் வற்புறுத்தியதும் இந்த அனுபவத்தால்தான். தம் பிள்ளைகளுக்கும் அவர் அவ்வாறே இளமையில் பிறமொழி பயிற்றுவித்தார்.

சாண்டி பல மாணவர்களை நரம்பியல் அறுவை வல்லுநர்களாக உருவாக்கினார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1970இல் ஓய்வுபெற்றார், 2007இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

இன்று உங்கள் ஊர்களுக்கு அருகே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இவ்வறுவை நடைபெறுகிறது. இத்தகைய அறுவைக்கு முன் நோயாளியின் மொழித்திறனையும் நினைவாற்றலையும் சோதிப்பர். இரு மொழி பேசுவோரை இரண்டிலும் சோதிப்பதே முறை. துடைப்பத்தின் படத்தைக் காட்டினால் மலையாளக் குழந்தை சூல் என்னும். குமரி மாவட்டத்துக் குழந்தை வாரியல் என்னும். பின்னதைப் பிழையென எழுதிக்கொண்டால், இல்லாத குறை ஒன்று அக்குழந்தையின் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர்?