குருதியில் மனித குலத்தைத் தேடியவர்

இரத்ததானம் செய்வோருக்கு வழங்கப்படும் அட்டையில் ஏ, பி, ஏபி, ஓ என்பவற்றுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லான்ட்ஸ்டெய்னரை அநேகர் அறிவர். ஆனால் இன்று வழங்கும் அப்பெயர்களைச் சூட்டியவர்களுள் ஒருவரும், அவ்வகைகள் தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதை முதன்முதலில் விரிவாக எடுத்துக்காட்டியவருமான லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட் பற்றி நம்மவர் மத்தியில் பேசப்படுவது குறைவு.

1884 இல் போலந்தின் வார்ஸோவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஜேர்மனியில் மருத்துவம் கற்றார். ஹைடல்பேர்க்கில் எமில் வொன் டுங்கேர்னுடன் இணைந்து, இரத்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழி வருவதை 1910 இல் நிறுவினார்.

1915 இல் சேர்பியாவைத் தைபஸ் கொள்ளைநோய் சூறையாடியபோது அவர் தாமாகவே அங்கு சென்றார். மனைவி ஹன்னாவும் மருத்துவரே. போரின் போக்கில் இருவரும் ஸலோனிகா களமுனையை அடைந்தனர். பிரித்தானியர், பிரெஞ்சுக்காரர், சேர்பியர், செனகல் நாட்டவர், வியட்நாமியர், இந்தியர் எனப் பல தேசத்துப் படையினர் அங்கு குவிந்திருந்தனர். போர் கொண்டுவந்து சேர்த்த அக்கூட்டத்தை இத்தம்பதியர் ஆய்வுகூடமாக்கினர் என்றே கூறவேண்டும். 8,000 பேருக்கும் மேற்பட்டோரின் குருதியைப் பரிசோதித்து, 1919 இல் லான்செட் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலேயருள் நூற்றுக்கு 7 பேரளவிலேயே பி வகையினர். இந்தியப் படையினருள்ளோ சுமார் 41 பேர். ஏ வகையோ இதற்கு மாறாக ஆங்கிலேயரிடமே மிகுந்திருந்தது. எனினும் பரிசோதிக்கப்பட்ட எல்லா மக்களிடமும் எல்லா வகைகளும் இருந்தன, வேறுபட்டது விகிதமே.

இந்த எளிய உண்மையைப் பலர் கவனிக்கத் தவறினர். ஹிர்ஸ்ஃபெல்ட்டும் பிழையினின்று தப்பவில்லை. ஏ, பி ஆகியன இரு வேறு ஆதி இனங்களுக்குரியவை என அவர் ஊகித்தார்; அவ்வூகம் நிலைக்கவில்லை. அவர் வகுத்த இனச் சுட்டெண்ணை ஜேர்மனிய இனவாதிகள் பற்றிக்கொண்டனர். 1926 இல் இரத்த வகை ஆய்வுக்கெனச் சங்கமொன்றும் அங்கு தோன்றியது. அதே இனவாதம் பிற்காலத்தில் அவரது வாசலையே தட்டியது.

கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தும், பிறப்பால் யூதர் என்பதால் 1941 இல் அவர் குடும்பத்துடன் வார்ஸோ கேற்றோவினுள் அடைக்கப்பட்டார். பசியும் தைபஸும் தாண்டவமாடிய அச்சுவர்களுக்குள் நோய்த்தடுப்புப் பணியில் ஈடுபட்டதுடன், மாணவர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். பின்னர் தப்பி, வேறு பெயரில் தலைமறைவாக வாழ்ந்தார். அக்காலத்தில், 1943 இல், ஒரே மகள் மரியாவை நோய்க்குப் பறிகொடுத்தார்.

எமது இரத்த வங்கிகளிலும் இவ்விகித வேறுபாடு அன்றாட அலுவலே. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓவும் ஏயும் முன்நிற்க, இலங்கையில் ஓவுக்கு அடுத்ததாக வருவது பி. எந்த வகையை எவ்வளவு சேமிப்பது என்பதை இக்கணக்கே தீர்மானிக்கும். ஒரு விடயத்தை இங்கு சொல்லியாக வேண்டும்: தானம் செய்வோரின் விகிதம் நாட்டு மக்களின் விகிதத்தை அப்படியே காட்டுவதில்லை. எவருக்கும் அவசரத்தில் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் வகையினரைத் திரும்பத் திரும்ப அழைப்பதால், கொடையாளர் பதிவேட்டில் அவர்களின் பங்கு கூடித் தெரியும். மனித மரபணு வேறுபாட்டின் பெரும்பகுதி இனங்களுக்கிடையில் அல்ல, ஒவ்வோர் இனத்துக்குள்ளேயே காணப்படுவதை, இரத்த வகைகளையும் கணக்கிற்கொண்டு 1972 இல் ரிச்சார்ட் லெவொன்டின் காட்டினார்.

போரின் பின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் மருத்துவபீடத்தைக் கட்டியெழுப்பிய ஹிர்ஸ்ஃபெல்ட், தாய்க்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் இடையே குருதி ஒவ்வாமையால் நேரும் மரணங்களைத் தடுப்பதில் இறுதிக்காலத்தைச் செலவிட்டார். 1954 மார்ச் 7 ஆம் திகதி அங்கேயே காலமானார். அந்நகரின் நோயெதிர்ப்பியல் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.