துர்க்கையைத் தேடிய விபூதிபூஷண்

கொங்கு மண்ணின் பேச்சையும் பங்காளிப் பகையையும் ‘நாகம்மாள்’ புதினத்தில் வடித்த ஆர். சண்முகசுந்தரம், தமிழாக்கித் தந்த வங்க நூல்களுள் தலையாயது ‘பதேர் பாஞ்சாலி’. அதனைப் படைத்த விபூதிபூஷண் பந்தோபாத்யாய, 1894ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் தாய்வழிப் பாட்டனார் ஊரில் பிறந்தார். தந்தை மகானந்தர் வடமொழி வல்லவர். ஊர்தோறும் சென்று புராணக் கதை சொல்லிப் பிழைத்தவர். கதைக்குக் குறைவில்லாத அவ்வீட்டில் காசுக்கு என்றும் குறைவே.

பள்ளிப் பருவத்திலேயே தந்தை மறைந்தார். பிறர் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டே விபூதிபூஷண் பயின்றார். கல்லூரியில் படிக்கையில் கௌரியை மணந்தார். ஓராண்டு அளவில், 1918இல், அவ்வம்மையும் மறைந்தார். அதனையொட்டி உடன்பிறந்தாள் ஒருத்தியையும் இழந்தார்.

சிலகாலம் ஆசிரியப் பணி. பின்னர்ப் பெருநிலக்கிழார் ஒருவரின் நிலங்களை மேற்பார்க்கப் பீகாரின் பாகல்பூருக்குச் சென்றார். 1925இல் அங்கேதான் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கினார். முதற்படியில் துர்க்கை இல்லை. அபு மட்டுமே இருந்தான். ஒருநாள் எண்ணெய் காணாத தலையுடன் வழியில் நின்ற சிறுமி ஒருத்தியைக் கண்டபின், எழுதியதை ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து எழுதினார் என்பர். அந்த அக்காள் வராதிருந்தால் அந்நூல் ஏழைச் சிறுவன் ஒருவனின் இளமை நினைவாகவே நின்றிருக்கும். மாங்காயை உப்பும் எண்ணெயும் இட்டுத் தாய் அறியாமல் தம்பியோடு பகிர்ந்துண்பவள் துர்க்கை. திரைப்படம் கண்டோர் அக்காளும் தம்பியும் சேர்ந்து இரயிலைப் பார்த்ததாகவே நினைவில் கொள்வர். புதினத்திலோ அவள் அதனைக் காணாமலே காய்ச்சலில் இறக்கிறாள். பின்னாளில் ஊரைவிட்டுப் போகும் அபு, இரயிலைக் கண்டும் மகிழ இயலாமல் அவளை எண்ணி ஏங்குகிறான். தங்கையை இழந்த தமையன், தமக்கையை இழந்த தம்பியாய்த் தம்மை மாற்றிக்கொண்டார் போலும்!

‘விசித்ரா’ இதழில் தொடராக வந்து, 1929இல் அது நூலாயிற்று. அபு வளர்ந்து தாயையும் மனைவியையும் இழக்கும் ‘அபராஜிதோ’ பின்தொடர்ந்தது. அதில் அபுவின் மகன் பெயர் காஜல்.

1940இல் விபூதிபூஷண் ரமாவை மணந்தார். 1947இல் மகன் தாராதாஸ் பிறந்தார். 1950 நவம்பர் முதல் நாள், கட்சிலாவில், 56ஆம் அகவையில் விபூதிபூஷண் இயற்கை எய்தினார். 1955இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற சத்யஜித் ராயின் படத்தை அவர் காணவில்லை. மூன்று அகவையில் தந்தையை இழந்த தாராதாஸ் வளர்ந்து எழுத்தாளரானார். தந்தை விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து ‘காஜல்’ என்னும் புதினத்தை எழுதினார்.