முதலிடம் பெற்ற சட்டம்

சட்டமன்றத்தின் முன் எத்தனையோ பணிகள் காத்திருக்கலாம். அவற்றுள் எதனை இன்றே முடிக்க வேண்டும் எனத் தெளிவதே ஆட்சியாளரின் முதற்கடமை. அக்கடமையை வறுமை சூழ்ந்த காலத்தில் ஆற்றிக் காட்டியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

இளமையும் இடரும்

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹைடு பார்க் என்னும் ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். மாநில மேலவை உறுப்பினராகப் பணியாற்றினார். 1921இல், தம் 39ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு கால்களின் வலிமையை இழந்தார். எனினும் மனவலிமையை இழக்கவில்லை. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 25,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்று, அடுத்த ஆண்டு சனவரி முதல் நாள் நியூயார்க் மாநில ஆளுநரானார்.

ஆளுநரும் அவைகளும்

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆட்சிப்பொறுப்பு அவருடையது, சட்டம் இயற்றும் அதிகாரமோ அவைகளுக்கு உரியது. ரூஸ்வெல்ட் சனநாயகக் கட்சியினர். இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்ததோ குடியரசுக் கட்சி. ஆகவே, அவர் வானொலி வாயிலாக மக்களிடம் நேரடியாகப் பேசித் தம் திட்டங்களுக்கு ஆதரவு திரட்டினார்.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை வீழ்ந்தது. ஆலைகள் மூடப்பட்டன; உழைக்க விரும்பியோர் வேலையின்றித் தெருவில் நின்றனர். வறியோரைக் காப்பது உள்ளாட்சிகளுக்கும் அறநிறுவனங்களுக்கும் உரிய பணி என்பதே அந்நாளைய வழக்கம். 1931ஆம் ஆண்டுக் கோடைக்குள் அவற்றின் கையிருப்பு கரைந்துவிட்டது. கடுங்குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சிறப்புக் கூட்டம்

அவ்வாண்டு ஆகஸ்டில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. நியூயார்க் நகர நிருவாகம் பற்றிய விசாரணைக்குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் வழங்கவே அது கூட்டப்பட்டது. அத்தகைய கூட்டத்தில் ஆளுநர் பரிந்துரைக்கும் பொருளை மட்டுமே அவைகள் முடிவுசெய்ய இயலும் என்பது மாநில அரசமைப்பின் விதி. அவ்வுரிமையைப் பயன்படுத்தி, ஆகஸ்டு 28ஆம் நாள் ரூஸ்வெல்ட் வேலையற்றோர் துயர்துடைப்பை அவைகளின் முன் வைத்தார்.

குடிமக்கள் தம் குற்றமின்றியே வறுமையுறும்போது அவர்களைக் காப்பது அரசின் கடமை. அஃது ஈகையன்று என்பது அவருடைய வாதம். அதற்கு 2 கோடி டாலர் வேண்டினார். அத்தொகைக்குக் கடன்பெறாமல், வருமான வரியை நடப்பு அளவில் பாதி உயர்த்துமாறு பரிந்துரைத்தார். வரி உயர்வு வாக்குகளை இழக்கச் செய்யக்கூடும் என்பதை அறிந்தும், வழிவகையின்றித் திட்டத்தை மட்டும் அறிவிக்க அவர் விரும்பவில்லை.

எதிர்க்கட்சியினர் மாற்றுத்திட்டம் ஒன்றை முன்வைத்தனர். ரூஸ்வெல்ட் தம் நோக்கத்தில் உறுதியாக நின்றார். பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. செப்டம்பர் 23ஆம் நாள் அவர் கையொப்பமிட, தற்காலிக அவசரத் துயர்துடைப்பு நிருவாகம் உருவாயிற்று. வேலையற்றோருக்கு மாநில அளவில் இவ்வாறு ஓர் அமைப்பை முதன்முதலில் நிறுவியது நியூயார்க்கே.

தொடர்ந்த பயன்

1933இல் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானார். நியூயார்க்கில் அந்நிருவாகத்தை நடத்திய ஹாரி ஹாப்கின்சையே நாடு தழுவிய துயர்துடைப்புப் பணிக்கும் தலைவராக்கினார். ஒரு மாநிலத்தில் விதைத்தது நாடெங்கும் கிளைத்தது. அவர் 1945 ஏப்ரல் 12ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

அவசரம் என அறிவிப்பது எளிது. அதற்குரிய பொருளைத் தேடி, எதிர்ப்பைத் தாங்கி, காலம் கடப்பதற்குள் சட்டமாக்குவதே அரிது. அவ்வரிய செயலே ரூஸ்வெல்ட்டின் ஆளுநர் பணிக்குப் பெருமை சேர்த்தது.