ஆலன் விப்பிள்

ஆலன் ஓல்டுபாதர் விப்பிள் (செப்டம்பர் 2, 1881 – ஏப்ரல் 1963) ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆவார். பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியிலும் கணையத்தின் தலைப்பகுதியிலும் தோன்றும் புற்றுநோய்களை அகற்றும் விப்பிள் அறுவை இவரது பெயரால் வழங்கப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

விப்பிள் பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) உருமியா நகரில், அங்கு சமயப் பணியாற்றிய அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். 1904 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும், 1908 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்திலும் பட்டம் பெற்றார். 1921 முதல் 1946 வரை கொலம்பியாவில் அறுவை மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

விப்பிள் அறுவை

பித்தநாளம் அடைபட்டால் பித்தநீர் குடலை அடையாது. மஞ்சள் காமாலை உண்டாகும். பித்தநீர் இல்லாமல் உயிர்ச்சத்து கே உடலில் சேராததால் குருதி எளிதில் உறையாது. எனவே இந்நோயாளிகள் பெரிய அறுவையின்போது குருதிப்போக்கால் இறக்கும் இடர் மிகுதியாக இருந்தது. ஜெர்மானியரான வால்தர் கவுஷ் 1909 இல் இத்தகைய அறுவையை வெற்றியுடன் செய்திருந்தும் அம்முறை பரவவில்லை.

விப்பிளும் அவருடைய உடன்பணியாளர்களும் 1935 இல் வெளியிட்ட கட்டுரையில், அறுவையை இரு கட்டங்களாகப் பிரித்தனர். முதலில் பித்தநீருக்கு மாற்றுவழி அமைத்துக் காமாலையைத் தணித்தனர். நோயாளி தேறிய பின்னர் முன்சிறுகுடலையும் கணையத் தலையின் ஒரு பகுதியையும் அகற்றினர். முதல் நோயாளி விரைவில் இறந்தார். விலங்குக் குடலால் ஆன தையல் இழையைக் கணையநீர் கரைத்துவிட்டதே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. எனவே அடுத்த நோயாளிகளுக்குப் பட்டு இழை பயன்படுத்தப்பட்டது.

1940 இல் இரைப்பைப் புற்றுநோய் எனக் கருதி விப்பிள் ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது, கட்டி கணையத் தலையில் இருப்பது தெரியவந்தது. அந்நோயாளிக்குக் காமாலை இல்லாததால், அறுவை முழுவதையும் ஒரே கட்டத்தில் முடித்தார். உயிர்ச்சத்து கே மருந்தாகக் கிடைத்த பின்னர், காமாலை உள்ளோருக்கும் ஒரே கட்ட முறை இயல்வதாயிற்று.

விப்பிள் தம் வாழ்நாளில் இவ்வறுவையை 37 முறை மட்டுமே செய்தார். அன்று இதனால் இறந்தோர் பலர். இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எனினும் பித்தநாளப் புற்றுநோய் அனைத்திற்கும் இது பொருந்தாது. கல்லீரலின் வாயிலருகே தோன்றும் புற்றுக்குப் பித்தநாளத்துடன் கல்லீரலின் ஒரு பகுதியையும் அகற்ற வேண்டும்.

பிற பணிகள்

இன்சுலினை மிகையாகச் சுரக்கும் கணையக் கட்டியை இனங்காண உதவும் விப்பிளின் மூன்று குறிகளும் இவர் வகுத்தவையே. மருத்துவ வரலாற்றில் நெஸ்தோரியக் கிறித்தவர்களும் இசுலாமியரும் ஆற்றிய பங்கு குறித்து இவர் எழுதிய நூல், இவரது மறைவுக்குப் பின் 1967 இல் வெளிவந்தது.

1934 இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் விப்பிள் வேறொருவர்.