எஸ். ராஜரத்தினம்

சின்னத்தம்பி ராஜரத்தினம் (பெப்ரவரி 25, 1915 - பெப்ரவரி 22, 2006) சிங்கப்பூரின் முதலாவது வெளியுறவு அமைச்சரும், ஆசியான் அமைப்பை நிறுவிய ஐவருள் ஒருவரும் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தார். பத்திரிகையாளராகப் பணியாற்றிய இவர், 1954 இல் மக்கள் செயல் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். 1965 முதல் 1980 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். ஆகஸ்ட் 8, 1967 இல் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்சு, தாய்லாந்து அமைச்சர்களுடன் பாங்காக்கில் ஆசியான் சாற்றுதலில் கையொப்பமிட்டார்.

கம்போடியப் பிரச்சினை

1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியா மீது படையெடுத்து, கெமர் ரூச் ஆட்சியை அகற்றிப் புதிய அரசை அமைத்தது. இதனை ஆசியான் நாடுகள் ஏற்கவில்லை. 1979 செப்டம்பரில் நடந்த அவானா அணிசேரா மாநாட்டில் வாக்கெடுப்பு முறை இல்லை. கருத்தொருமிப்பை அறிவிப்பது தலைமை நாடான கியூபாவின் கையில் இருந்தது. ராஜரத்தினம் எதிர்த்தும் கம்போடியாவின் இருக்கை வெறுமையாக விடப்பட்டது.

அதே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிலைமை மாறியது. அங்கு ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு வாக்கு உண்டு. ஆசியான் நாடுகள் ஒன்றாக நின்று ஆதரவு திரட்ட, அகற்றப்பட்ட அரசின் இருக்கை 71-35 என்ற வாக்குகளில் தக்கவைக்கப்பட்டது. நவம்பர் 14 அன்று, அயல்நாட்டுப் படைகள் வெளியேறக் கோரும் தீர்மானம் 91-21 என நிறைவேறியது.

திறனாய்வு

சிறிய நாடுகளின் இறைமையைக் காக்கும் நிலைப்பாடாக இது முன்வைக்கப்பட்டது. எனினும், பெரும் படுகொலைகள் புரிந்த ஆட்சிக்கே அவ்விருக்கை கிடைத்ததால் கடும் கண்டனத்துக்கும் உள்ளானது.