எம்.ஆர்.எஃப்-க்கு முன்னால் ஒரு வங்கி இருந்தது: யார் இந்த கே.சி. மாம்மன் மாப்பிள்ளை?

சச்சின் பேட்டில் எம்.ஆர்.எஃப் ஸ்டிக்கரைப் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது அந்தக் கம்பெனி. தொடங்கியவரின் அப்பா, அதற்குச் சில வருடங்கள் முன்புதான் திருவனந்தபுரம் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார்.

அவர்தான் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. 1873-ல் பிறந்தவர். கோட்டயத்தில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தார். குடும்பத்துப் பெரியவரான வர்கீஸ் மாப்பிள்ளை 1904-ல் இறந்ததும் மலையாள மனோரமா இவர் கைக்கு வந்தது.

பத்திரிகையோடு நின்றிருந்தால் நாம் இன்று இவரைப் பற்றிப் பேச மாட்டோம். குட்டநாட்டில் காயல் விவசாயத்தில் இறங்கினார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நிலம் அது. சுற்றி மண் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகுதான் நெல் போட முடியும். கரை உடைந்தால் ஒரே இரவில் மொத்த முதலும் போச்சு! அந்தக் காலத்து ஸ்டார்ட்அப் ரிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரப்பர் பயிரிடச் சொல்லி மனோரமாவில் தொடர்ந்து எழுதவும் வைத்தார். வெள்ளைக்காரத் துரைகளின் பயிராக இருந்தது கோட்டயம் பக்கம் சாதாரணக் குடும்பங்களின் பயிரானதில் அவருக்கும் பங்கு உண்டு.

மலங்கரை சிரியன் சபை இரண்டாகப் பிளந்தபோது வட்டசேரில் மார் திவன்னாசியோஸ் பக்கம் நின்றார். அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது ஒரு டெபாசிட். 1808-ல் கிழக்கிந்திய கம்பெனியிடம் போட்ட 3,000 பூவராகன், 8 சதவீத நிரந்தர வட்டி. அந்த வட்டியை யார் வாங்குவது என்று திருவனந்தபுரம் நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது.

இனி வங்கிக்கு வருவோம். 1912-ல் அவர் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கி, 1937-ல் குயிலான் வங்கியோடு இணைந்து பெரிய வங்கியானது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி அய்யர். ஆமாம், சென்னையில் இன்றும் சாலைக்குப் பெயராக இருக்கும் அதே சி.பி.தான். மக்களுக்குப் பொறுப்பான அரசு வேண்டும் என்று கேட்ட ஸ்டேட் காங்கிரஸை மனோரமா ஆதரித்தது. திவானுக்கு அது பிடிக்கவில்லை.

1938 ஜூனில் வங்கி மூடப்பட்டது. பகையால் விழுந்ததா, வங்கிக்குள்ளேயே ஓட்டை இருந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பழிவாங்கல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனா, பணம் எடுக்க ஒரே நேரத்தில் கூட்டம் அலைமோதினால் எந்த வங்கியும் தள்ளாடும். அப்போது டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது. இந்தியாவில் அது வந்ததே 1962-ல்தான். சேமிப்பைத் தொலைத்த சாதாரண டெபாசிட்தாரர்கள் இந்தக் கதையில் எப்போதும் ஓரமாகவே நிற்கிறார்கள்.

செப்டம்பரில் மனோரமா அச்சகத்துக்கு சீல் வைத்தார்கள். கொச்சி ராஜ்யத்தில் இருந்த குன்னங்குளத்திலிருந்து கொஞ்ச காலம் பத்திரிகை வெளிவந்து, பிறகு நின்றுபோனது. அக்டோபரில் சென்னையில் கைதானார் மாம்மன் மாப்பிள்ளை. அறுபத்தைந்து வயது. 1941-ல்தான் விடுதலை.

1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு இசை நிகழ்ச்சியில் சி.பி. வெட்டப்பட்டார், உயிர் பிழைத்தார், அடுத்த மாதமே பதவியை விட்டுப் போனார். நவம்பர் 29-ல் மனோரமா திரும்ப வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடங்கள் ஆசிரியராக இருந்து, 1953 டிசம்பர் 31 அன்று மாம்மன் மாப்பிள்ளை காலமானார். சென்னையில் மகனின் கம்பெனி அதற்கு முந்தைய வருடம்தான் பலூனைத் தாண்டி, டயருக்கான ட்ரெட் ரப்பர் தயாரிக்கத் தொடங்கியிருந்தது.